வேங்கடபதி ஒரு சாண் குழாயை வென்ற சருக்கம்

வாழ்க வேங்கடபதி! அருப்புக்கோட்டை மாநகரின் மூன்று வாடகைப் பிளசர் கார்களுள் இரண்டாவதன் உடைமையாளன், ஆயிரம் இழைப் பாவு நூலை அறுபடாமல் இழுத்து நிறுத்தும் நெசவுப் பெருங்குடியில் பிறந்து, தறிக்குழியிலிருந்து ஏறிவந்து ஸ்டியரிங்கைப் பற்றிய முதல் தோன்றல், காலை ஏழு மணிக்குள் இரண்டு காப்பி குடித்து முடிக்கும் ஆற்றலன், கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும் காளை, கங்கம்மாளின் கணவன், பிறந்து ஐந்து மாதமாகியும் தன் தோளில் ஒரு நாழிகைகூடச் சாய்ந்திராத ஆண்மகவொன்றின் தந்தை, அவன் ஒரு சாணும் நாலு விரலும் நீளமுள்ள இரும்புக் குழாயோடு இருபத்தேழு நாள் பொருத வரலாற்றை இனி உரைக்கப் புகுகிறோம். கேட்போர் கேட்கட்டும். வேலை இருப்பவர்கள் போய் வேலையைப் பார்க்கட்டும்.

காப்புச் சொல்லாமல் தொடங்கிய காவியம் பாதியில் நின்றுபோகும் என்று அஞ்சி, ஆனைமுகனுக்குத் தேங்காய் உடைத்தோம். சௌடேஸ்வரி அம்மனை விழுந்து வணங்கினோம். வண்டியின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தோம். ஆயினும் மோட்டார் வண்டியின் அடிவயிற்றுக்குக் காவலான தெய்வம் இன்னதென்று எந்தப் புராணமும் சொல்லக் காணோம். பெயர் தெரியாத அந்தத் தெய்வம் எங்கே இருந்தாலும் இந்தக் கதையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நாட்டுச் சிறப்பைப் பெருகிவரும் ஆற்றில் தொடங்குவது மரபு. நம் நாட்டிலும் குண்டாறு என்றோர் ஆறு உண்டு. அகலத்தில் குறைவில்லை. மணலில் குறைவில்லை. தண்ணீர் வந்த வருஷத்தை மட்டும் பிள்ளை பிறந்த வருஷம்போல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்னம் துயிலும் பொய்கைகளைப் பாட நமக்கும் ஆசைதான், ஆனால் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது. பெய்தால் மிதித்தவன் காலைப் பிடித்துக்கொண்டு விடாமலும், பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடித்தும் தன் குணத்தைக் காட்டும் கரிசல் மண் இது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பதினோரு மைல் சாலை இந்த மண்ணின் மேல்தான் படுத்திருக்கிறது. படுத்த இடத்தில் அது ஒருநாளும் நிம்மதியாக இருந்ததில்லை. அதன் மேடும் பள்ளமும் பெயர்ந்த சல்லியும்தான் இந்தப் போருக்கு மூலகாரணம்.

இனிப் பகைவனின் பெருமை. மோட்டார் வண்டியின் மூக்குக்குள் வீற்றிருந்து பெட்ரோலைக் குடித்துப் புகையைக் கக்கும் எஞ்சின் என்னும் பேரரசன், ரப்பர்த் திண்டுகளில் சாய்ந்தபடி ஓயாமல் நடுங்கும் இயல்பினன். வண்டியின் வயிற்றோடு வால்வரைக்கும் நீண்டு கிடக்கும் சைலன்சரோ பட்டை போட்டுத் தொங்கவிடப்பட்ட, அசையப் பிடிக்காத ஆசாமி. முன்னவன் கக்கும் அனற்புகையைப் பின்னவன் வாங்கி, அதன் கூச்சலை அடக்கி வெளியேற்ற வேண்டும். இருவரையும் இறுகப் பிணைத்தாலோ ஒருவன் ஆட்டத்தில் மற்றவன் முறிவான். ஆதலால் இருவருக்கும் நடுவே, எஃகுப் பட்டையைப் புரி புரியாகச் சுற்றி, ஒன்றன் விளிம்பை ஒன்றில் கோத்து, மேலே கம்பிவலை போர்த்தி, வளைத்தால் வளைந்து இழுத்தால் நீண்டு தள்ளினால் குறுகும்படி ஒரு சிறு குழாயை வைத்தார்கள் வண்டி செய்தவர்கள். மெக்கானிக்குகள் அதைப் பிளெக்சிபிள் பைப்பு என்பார்கள். நாம் நெளிகுழாய் என்போம். அது நன்றாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே சொந்தக்காரனுக்குத் தெரியாது.

வேங்கடபதிக்கும் தெரியாது. அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு சித்திரை மாதம், திருச்சுழிச் சாலையின் பள்ளமொன்றில் அவனுடைய கறுப்புப் பிளசர் இறங்கி ஏறியபோது, சைலன்சரைத் தூக்கிப் பிடித்திருந்த பட்டை அறுந்தது. கீழே ‘ணங்’கென்று ஒரு சத்தம் கேட்டது. வேங்கடபதி இறங்கிப் பார்க்கவில்லை. சைலன்சரின் பாரம் முழுவதும் நெளிகுழாயின் தலையில் விழுந்தது. அது ஒரு மாதம் பொறுத்தது. வைகாசியில் ஒரு புரி விட்டது, பிறகு இன்னொன்று. வண்டியின் சத்தம் நாளுக்கு நாள் கூடிற்று. சத்தம் கூடினால் வண்டிக்கு வலு கூடியிருக்கிறது என்று வாடகைக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான் நம் தலைவன். அவனே அதை நம்பவும் செய்தான்.

ஆனி ஐந்தாம் தேதி அவன் திருச்சுழிக்குப் போனான். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த மாமனார் அப்பய்யாவின் வீட்டில்தான் கங்கம்மாள் பிள்ளை பெற்றிருந்தாள். தாயையும் சேயையும் அழைத்துவர நல்ல மாதம் பார்த்து, வெற்றிலை பாக்கும் விருதுநகரில் வாங்கிய காராச்சேவும் முன்சீட்டில் வைத்துக்கொண்டு, முரசு அதிர, எக்காளம் முழங்க, தெருநாய்கள் எதிர்கொண்டு குரைக்க, கோழிகள் கூரையேற, மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றது அவன் தேர். முரசும் எக்காளமும் அந்த வண்டியே. தொட்டிலில் கிடந்த பிள்ளை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. காலை பத்து மணிக்குத் தொடங்கிய அழுகை வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திய பிறகும் ஓயவில்லை. மாமியார் சௌடம்மாள் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். கண் எரிந்தது. அறுந்த குழாய் வழியாகக் கசிந்த புகை சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டுப் பேச்சு கன்னடம். ஆனால் தெருவுக்கும் தெரிய வேண்டிய பிரகடனம் ஆகையால் சௌடம்மாள் அதைத் தமிழில் செய்தாள்.

“மாப்பிள்ளை, நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்த வண்டி ஊளையிடுறதையும் உள்ளுக்குள்ள பொகை விடுறதையும் நிறுத்துறவரைக்கும் எம் பேரன் இதுல ஏற மாட்டான். பச்சப்புள்ள நெஞ்சு தாங்குமா? ஆனி முடியிறதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லையா, ஆடி கழிஞ்சு ஆவணியிலதான் அனுப்புவேன்.”

வேங்கடபதியின் காது இரண்டும் சிவந்தன. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வண்டியின் முன்மூடியில் ஓங்கி அடித்துச் சபதம் உரைத்தான்.

“எம் பிள்ளை எங்க வீட்டு வாசலுக்கு மொதமொத எஞ் சொந்த வண்டியிலதான் வருவான். பஸ்ஸுல நாலு பேரு காலுக்கு நடுவுல நசுங்கிக்கிட்டு வர மாட்டான். இது சத்தியம்!”

கதவோரம் நின்ற கங்கம்மாள் இந்த இரண்டு முழக்கங்களையும் கேட்டுவிட்டு, “ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள். அவன் குடிக்கவில்லை. வழியெல்லாம் அந்தக் காப்பி நினைவாகவே போனான். அதைவிட இன்னொன்று அவனை அரித்தது. பிள்ளையின் அழுகை காதில் அப்படியே இருந்தது, முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அழாத நேரத்தில் அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

சபதம் செய்தவன் நேரே மெக்கானிக்கிடம் போயிருந்தால் இந்தச் சருக்கம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் திருச்சுழிச் சாலை முக்கில் வேப்பமரத்தடியில் ஷெட் போட்டிருந்த எம்.ரெட்டியபட்டி நல்லமுத்துவுக்கும் நம் தலைவனுக்கும் ஒரு மனத்தாங்கல். போன பொங்கலுக்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிட்டு, “இத ஓட்டுறதுக்குப் பதிலா ரெண்டு மாட்டக் கட்டி இழுக்கலாம்லே” என்று நல்லமுத்து சொல்லியிருந்தான். மாடு என்ற சொல் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. ஆகவே வேங்கடபதி தானே வண்டிக்கு அடியில் படுத்துப் பகைவனை முதன்முறையாக நேரில் பார்த்தான். பார்த்ததும் சிரித்தான். அறுந்து பிரிந்து தொங்கிய புரிகளும் பிய்ந்த கம்பிவலையும் அவன் கண்ணுக்கு வேறென்னவாகத் தெரியும்? அறுந்த இழையாகத்தான் தெரிந்தது.

இழை அறுந்தால் என்ன செய்வது என்று அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிணைத்துக் கஞ்சி போடுவது. பாவு துவண்டால் கஞ்சி போடுவது, வேட்டி தொய்ந்தால் கஞ்சி போடுவது, பெட்டி ஓரம் பிரிந்தால் துணி ஒட்டிக் கஞ்சி போடுவது. கஞ்சி போட்டும் விறைக்காத ஒரு பொருளை வேங்கடபதி பிறந்ததிலிருந்து கண்டதில்லை. குழாய் ஆடுகிறது, ஆடுவதால்தான் அறுந்தது, ஆகவே ஆடாமல் விறைக்க வைக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டினான். அவன் தாய் வெங்கடலட்சுமி பாவுக்கென்று காய்ச்சி வைத்திருந்த கெட்டிக் கஞ்சியைப் பானையோடு தூக்கினான். அப்போது அவள் வீட்டுமொழியில் சொன்னதைத் தமிழில் தந்தால் காவியத்தின் கண்ணியம் கெடும், ஆகவே விட்டுவிடுவோம்.

தொடங்கிற்று முதற்போர். முழங்கை அகலத்தில் கிழித்த காடாத் துணியை எட்டு முழம் எடுத்து, கஞ்சியில் ஊறவைத்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, வியர்வை ஆறாகவும் கஞ்சி அருவியாகவும் தன் திருமார்பில் பாய, ஒரு சுற்று, இரு சுற்று, பதினேழு சுற்று என்று சுற்றி, அதன்மேல் நாற்பதாம் நம்பர் நூலை நெருக்க நெருக்க இறுக்கி, அதன்மேல் இன்னும் கஞ்சி பூசி, அறுந்த பட்டைக்குப் பதிலாகச் சைலன்சரையும் அதே நூலால் தூக்கிக் கட்டி, இரண்டு பகல் காய விட்டான் வேங்கடபதி. மூன்றாம் நாள் தட்டிப் பார்த்தான். கருங்கல்லாய் இருந்தது. எஞ்சினை எழுப்பினான். சத்தமே இல்லை! தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மௌனத்தோடு பெரியகடைத் தெருவைச் சும்மாவே இரண்டு சுற்றுச் சுற்றினான்.

பிறகு திருச்சுழிக்குத் திருப்பினான். முன்சீட்டில் புதிதாக ஒரு காராச்சேவுப் பொட்டலம். மூன்றாவது மைலில் ஒரு வாசனை வந்தது. அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை. ஏதோ ஒரு வீட்டில் கவனமில்லாத பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு போனான். நாலாவது மைலில் வீடே இல்லை, வாசனை மட்டும் கூடிற்று. காட்டில் விறகுக்குக் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்த ராக்கம்மாள் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“யாருய்யா அது! ஒங்க வண்டி வயித்துல தீப்புடிச்சு எரியுது, நீங்க பாட்டுக்குப் போறீக! நிறுத்துங்கய்யா!”

நிறுத்தினான். புகை எழுந்தது, புகைக்குள் தீ எழுந்தது, பதினேழு சுற்றுக் காடாத் துணியும் பந்தமாய் எரிந்தது. நம் தலைவன் கரிசல் கட்டிகளை வாரி எறிந்தான். கட்டிகள் உருண்டு போயின. ராக்கம்மாள்தான் வரப்போரத்தில் வைத்திருந்த தன் மத்தியானக் கம்மங்கஞ்சியைக் கலயத்தோடு கொண்டுவந்து குனிந்து ஊற்றினாள். கஞ்சியால் மூண்ட தீ கஞ்சியாலேயே தணிந்தது. “எஞ் சோறு போச்சு” என்றாள் அவள். வேங்கடபதி காராச்சேவுப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டான்.

இதோடு போயிற்றா என்றால் இல்லை. கட்டு விறைத்து நின்ற இரண்டு நாழிகைக்குள் எஞ்சின் நடுங்கிய நடுக்கமெல்லாம் போக வழியில்லாமல், எஞ்சினோடு குழாய் சேருமிடத்துப் போல்ட்டுகள் மூன்றில் ஒன்றை முறித்துவிட்டிருந்தது. முன்பு ஊளையிட்ட வண்டி இப்போது இடியாய் முழங்கிற்று. திரும்பி அருப்புக்கோட்டைக்குள் நுழைந்தபோது, எங்கோ கல் குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வேப்பமரத்தடி ஷெட்டுக்கு முன்னால் வண்டி தானாக நின்றது. அல்லது வேங்கடபதி நிறுத்தினான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நல்லமுத்து எழுந்து வந்தான். வண்டிக்கு அடியில் நுழைந்தான். கருகிய பொருக்கு ஒன்றை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான்.

“ஏலே வேங்கடபதி, இதென்ன, தோசையா சுட்ட?”

 நல்லமுத்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நம் காவியத்தின் தத்துவப் பகுதியைச் சொல்லி முடித்தான்.

“இது ஆடுறதுக்குன்னே செஞ்ச சாமான்லே. கட்டிக்குடுத்த பொம்பளை, பொறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவுல நிக்கிறா பாரு, அது மாதிரி. ரெண்டு பக்கமும் இழுக்கும். அவ வளைஞ்சு குடுக்குறதுனாலதான் ரெண்டு வீடும் நிக்குது. அவளப் போயி ஆடாத அசையாதன்னு கட்டிப்போட்டா? அவளுக்கு ஒண்ணும் ஆகாது, வீடுதான் விரிசல் விடும். ஒனக்கு போல்ட்டு விட்டுச்சு.”

வேங்கடபதிக்குக் கங்கம்மாள் நினைவு வந்தது. கதவோரம் நின்று, ஒரு பக்கம் தாயையும் ஒரு பக்கம் புருஷனையும் பார்த்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னவள். தன்னை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. மாடு என்ற சொல்லை அன்றோடு மறந்தான்.

ஆனால் போர் ஓயவில்லை. புதிய நெளிகுழாய் அருப்புக்கோட்டையில் கிடைக்காது. மதுரைக்குச் சொல்லிவிட்டு பஸ்ஸில்தான் வர வேண்டும். ஆறு நாள் கழித்து வந்தது. லாரிக்கு உரிய குழாய், தொடை தண்டிப் பருமன். திருப்பி அனுப்பினார்கள். இன்னும் நாலு நாள். வந்தது சரியான தண்டி, ஆனால் வழியில் யாரோ அதன்மேல் அரிசி மூட்டையை இறக்கியிருந்தார்கள். நசுங்கியதும் அறுந்ததும் ஒன்றுதான் என்று சொல்லி நல்லமுத்து அதையும் திருப்பினான். ஆனியோ நாள்காட்டியில் ஒவ்வொரு தாளாக உதிர்ந்துகொண்டிருந்தது. வேங்கடபதி காலையும் மாலையும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று மதுரை பஸ் கண்டக்டர்களின் முகத்தைப் பார்த்தான். வீட்டில் வெங்கடலட்சுமி தொட்டிலைக் கழுவித் துடைத்து உத்தரத்தில் கட்டிவிட்டாள். அவன் அந்தப் பக்கம் தலை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டான்.

ஆனிக் கடைசி நாள் புதன்கிழமை விடிந்தது. மறுநாள் விடிந்தால் ஆடி. அன்றைக்கும் பகல் பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் பிள்ளை வீட்டுப்படி ஏறியாக வேண்டும். ஏழரை மணி பஸ்ஸில், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலமாக, மின்னும் புத்தம் புதிய நெளிகுழாய் வந்து இறங்கிற்று.

எழுக படை! ஸ்பானர் ஏழும் சுத்தியல் இரண்டும் உளி ஒன்றும் மண்ணெண்ணெய் அரைப்படியும் அணிவகுக்க, வேங்கடபதியும் நல்லமுத்துவும் தலைக்குத் தலை ஒட்ட வண்டியின் வயிற்றுக்குள் புகுந்தனர். எதிரே நின்றான் கடைசிப் பகைவன்: ஆறு முகம் இருந்தும் அருள் சிறிதும் இல்லாத நட்டு ஒன்று, துருவென்னும் கவசம் பூண்டு, பத்து வருஷத்துக் கரிசல் சேற்றைக் கோட்டையாகக் கட்டிக்கொண்டு, முறிந்த போல்ட்டின் பக்கத்தில் அசையாமல் அமர்ந்திருந்தான். மண்ணெண்ணெய் ஊற்றினர், அவன் குடித்தான். ஸ்பானர் போட்டுத் திருகினர், ஸ்பானர் வழுக்கிற்று, வேங்கடபதியின் வலக்கை முட்டி நாலும் தோலுரிந்தன. ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயொன்றை மாட்டித் திருகினர், அதுவும் வளைந்தது. சுத்தியலால் அடித்தனர், பத்து வருஷத்துச் சேறு இருவர் கண்ணிலும் கொட்டிற்று. எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஒன்பதே காலுக்கு வேங்கடபதி பிடியைத் தளர்த்திவிட்டுத் தரையில் தலையைப் போட்டான்.

“முடியாது போலருக்கே நல்லமுத்து. ஆவணிதான் போல.”

“சும்மா கெட. உளிய எடு.”

நட்டின் கன்னத்தில் உளியை வைத்து, ஊரிலுள்ள கோபத்தையெல்லாம் ஒன்றுதிரட்டி நல்லமுத்து ஒரே அடி அடித்தான். பிளந்தது! பிளந்து தெறித்து, ஷெட்டுக்கு வெளியே படுத்திருந்த நாயின் முன்னால் விழுந்தது. நாய் எழுந்து வேறிடம் பார்த்துப் படுத்தது. அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. முதலில் சைலன்சரைப் புது ரப்பர்ப் பட்டையில் தூக்கிக் கட்டி, பாரம் குழாயின் தலையில் விழாமல் செய்தான் நல்லமுத்து. புதுப் போல்ட்டு போட்டு வேங்கடபதி நெளிகுழாயை மாட்டும்போது, “இழுத்து மாட்டாத. ஒரு விரக்கடை தொய்வு விடு. மாசம் ஒருக்கா கீழ குனிஞ்சு பாரு, எங்கயாச்சும் கரி படிஞ்சிருந்தா அங்க கசியுதுன்னு அர்த்தம். இந்தப் பட்டை அறுந்தா அன்னைக்கே வா” என்றான். பிறகு எஞ்சினை எழுப்பச் சொல்லி, வாலில் புகை வரும் வாயைக் கந்தலால் ஒரு கணம் பொத்திக் காதைக் கொடுத்தான். எங்கும் ‘உஸ்’ என்ற சத்தமில்லை. அவன் தலையை ஆட்டினான். வேங்கடபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்து இருபத்தைந்து.

கிளம்பிற்று தேர். ஓசையற்றுச் சென்றது. சீட்டின் கிறீச்சும் கைக்கடிகாரத்தின் டிக்டிக்கும் அவனுக்குக் கேட்டன. பனைமரத்தில் ஓணான் ஏறுவதுகூடக் கேட்கும் போலிருந்தது. ஏழாவது மைலில் எதிரே திருச்சுழி பஸ் ஒன்று, சைலன்சர் உடைந்த சத்தத்தோடு தடதடத்துப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் தானும் இப்படித்தான் திரிந்தோம் என்று எண்ணி இரக்கத்தோடு ஒதுங்கி வழிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். திருச்சுழியில் மாமனார் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு நாயும் குரைக்கவில்லை. கோழிகள் இருந்த இடத்திலேயே மேய்ந்தன.

வண்டியைப் பக்கத்து வீட்டோரம் நிறுத்திவிட்டு அவன் வாசலில் போய் நின்றதும் சௌடம்மாள் வெளியே வந்து, அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“வாங்க மாப்பிள்ளை. என்ன நடந்தா வாரீக? வண்டி என்னாச்சு?”

அவன் வண்டியைக் காட்டினான். சௌடம்மாள் மோவாயில் கையை வைத்தாள்.

“அடியாத்தி! சத்தமே கேக்கலையே! நா என்னத்தக் கண்டேன்? ஒங்களக் காணோம், பன்னெண்டுக்கு ராகுகாலம், விடிஞ்சா ஆடி. ‘பிள்ளைய அவுக பாத்து ஒரு மாசமாச்சு, இன்னும் ஒரு மாசம் தள்ளினா நா தாங்க மாட்டேன்’னு ஒங்க பொண்டாட்டி ஒரே பிடியா நின்னா. பத்தே கால் பஸ்ஸுல மாமாவத் தொணைக்கு ஏத்தி இப்பத்தான் அனுப்புனேன்.”

சொல்லி முடிக்குமுன் வண்டி திரும்பிவிட்டது. வில்லிலிருந்து விடுபட்ட கணைபோல் என்று இங்கே சொல்வது வழக்கம், சாலை அப்படி விடவில்லை. ஆறாவது மைலில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியிருந்த பஸ்ஸை அவன் பிடித்தான். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே இடிமுழக்கம் செய்துகொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலோரம் கங்கம்மாள் இருந்தாள், பக்கத்தில் மாமனார் அப்பய்யா, அவர் காலடியில் டிரங்குப் பெட்டி. அவள் மடியில், அந்த அமளி நடுவில், வாயைப் பிளந்துகொண்டு, கட்டெறும்பு கடித்தாலும் தெரியாத உறக்கத்தில் கிடந்தான் பிள்ளை. அழாத நேரத்து முகம் இதுதான். வேங்கடபதி ஜன்னல் விளிம்பைப் பிடித்து எம்பிப் பார்த்தான்.

“எறங்கு கங்கம்மா! வண்டி சரியாப்போச்சு! இப்பச் சத்தமே இல்ல!” என்று பிறகு கத்தினான்.

“என்னது?”

“சத்தமே இல்லங்கறேன்! கேட்டுப் பாரு!”

அவள் ஜன்னலுக்கு வெளியே காதைக் கொடுத்தாள். பஸ்தான் கேட்டது.

“இப்பத்தாங்க கண்ணசந்திருக்கான். எடுத்தா முழிச்சுக்குவான். நீங்க முன்னால போங்க, வாரோம்.” சொல்லிவிட்டு அவன் கையைப் பார்த்தாள். “முட்டியெல்லாம் என்ன ரத்தம்?”

பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முன்னால் போக அந்தச் சாலையில் இடமேது! ஹாரன் அடித்தான், டிரைவருக்குக் கேட்கவில்லை. ஆறு மைலும் பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே புழுதி தின்றபடி வந்தான் வேங்கடபதி. பதினொன்றே முக்காலுக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தான். சத்தம் நின்ற அந்தக் கணத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு முகத்தைக் கோணினான். பெட்டியை இறக்க உதவுவதற்காகக் கங்கம்மாள் அவனைத் தூக்கி ஜன்னல் வழியாகப் புருஷன் கையில் கொடுத்தாள்.

அப்போது இருபத்தேழு நாள் தளராது பொருத, தீயைக் கண்டும் பின்வாங்காத, அறுமுக நட்டின் செருக்கை அடக்கிய, மாமியார் திகைக்கும்படி மௌனத் தேர் நடத்திய அந்த மாவீரன், மண்ணெண்ணெயும் ரத்தமும் புழுதியும் படிந்த தன் இரு கைகளிலும் தன் குலக்கொழுந்தை ஏந்தினான். அழப் போனவன் அவனை உற்றுப் பார்த்தான், அழவில்லை, கழுத்தைச் சாய்த்துத் தகப்பன் தோளில் முகத்தைப் புதைத்து, ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி உறங்கிப்போனான். பத்தடி தூரத்தில் கதவு திறந்தபடி, துளி ஓசையும் துளிப் புகையும் இல்லாத வாகனம் தன் தலைவனுக்காகக் காத்து நின்றது. ஆயினும் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கியாக வேண்டும்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்பதால், டிரங்குப் பெட்டியை மட்டும் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வேங்கடபதி பிள்ளையோடு நடந்தே வீட்டுக்குப் போனான்.